ஆயுத பூஜையன்று அணைக்கக்கூடாத கணினி

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்களே, வாடிக்கையாளர் கொண்டுவரும் பயத்தில் பாதியை நாம் வாங்கி வயிற்றில் வைத்துக்கொள்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. குனோங் ராபாட் ஊரில் உள்ள பழுதுபார்க்கும் கடையில் என்னோடு வேலை செய்யும் குமார் அண்ணன் சொன்னது. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்.

பாயின் மெனு

சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாயின் மடிக்கணினி கிளம்பவில்லை. குமார் அண்ணன் ஒரு பென்டிரைவைச் செருகி ஓடவைத்துக் கொடுத்தார். அதில் ஒரு முழு இயங்குதளமே ஒற்றைக் கோப்பாக அமுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. கணினி வேண்டியதை மட்டும் அதிலிருந்து விரித்துப் படித்துக்கொள்ளும். அதில் எதையும் எழுதாது. நாம் செய்வதெல்லாம் ரேமில் நிற்கும், அணைத்தால் போய்விடும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். பாய் புது மெனுவை முழுக்கத் தட்டச்சு செய்து, அணைத்து மூடினார். மறுநாள் வந்து, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு கேட்டாராம்: "தம்பி, இது கம்ப்யூட்டரா, என் மருமகனா? நேத்து சொன்னது இன்னைக்கு ஞாபகம் இல்லையே லா!"

இதைக் கேட்டு அதிகம் சிரித்தவள் நான்.

பட்டதாரி காப்பாற்றிய படங்கள்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் கணினியில். அம்மா அதை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டதால், 'தெரியாது' என்ற சொல் எனக்கு வாயில் வராது.

கமுந்திங்கில் கல்யாணப் படம் எடுக்கும் மலர் அக்கா தன் கணினியைத் தூக்கிவந்தார். ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்றது. ஒரு கல்யாண ஆல்பத்தின் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. கேமரா கார்டை அழித்து அடுத்த விசேஷத்துக்குப் போட்டாகிவிட்டது. அதே போன்ற என் பென்டிரைவில் கணினியை ஓடவைத்து, படங்களை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டேன்.

"காப்பி ஆயிடுச்சு அக்கா" என்றேன். அதற்கே காத்திருந்ததுபோல ஹார்ட் டிஸ்க் ஒருமுறை கரகரத்து அடங்கியது. அப்போதுதான் உறைத்தது: அந்த டெஸ்க்டாப்பும் ரேமில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் மாப்பிள்ளை, பெண், சொந்தபந்தம் எல்லாரும் போவார்கள். மறைக்காமல் சொல்லிவிட்டேன். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "படிச்ச புள்ளன்னு நம்பித்தானே தூக்கிட்டு வந்தேன்!"

தட்டில் சாவி

புது டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினால் தீர்ந்தது. விற்பனைக்கு வைத்த டிஸ்க்குகள் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தன. அன்று ஆயுத பூஜை. சாவிக்கொத்து சந்தனம் பூசிச் சாமி படத்தின் முன் தட்டில் இருந்தது. பூஜை முடியும்வரை தொடக்கூடாது. போதாததற்கு முதலாளி செல்வம் அண்ணன், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணும்மா, இன்னைக்கு அதுங்களுக்கு ரெஸ்ட்" என்று வந்தார்.

"இது மட்டும் வேணாம் அண்ணே, உள்ள ஒரு கல்யாணமே இருக்கு" என்று சுவர் சுவிட்சை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். மலர் அக்காவின் முகத்தைப் பார்த்து அவர் விட்டுக்கொடுத்தார். கற்பூரம் காட்டும்போதும் என் கை சுவிட்சில்தான்.

பூஜை முடிந்ததும் தட்டைப் பார்த்தேன். சாவிக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு, என் பென்டிரைவ். நான் தினமும் பிடிக்கும் ஆயுதம் அதுதானே என்று, நான் சுவிட்சைக் காத்த நேரத்தில் குமார் அண்ணன் கணினியிலிருந்து கழற்றி வைத்திருக்கிறார்.

அதிலிருந்து படித்துத்தானே கணினி ஓடுகிறது; மவுஸைத் தொடவே பயம். தொட்டேன். அம்பு நகர்ந்தது. படம் திறந்தது, மணப்பெண் சிரித்தாள். சாவியை எடுத்து, டிஸ்க்கை எடுத்து, எல்லாவற்றையும் மாற்றி, வேறொரு கணினியில் திறந்து காட்டிய பிறகுதான் மலர் அக்கா மூச்சுவிட்டார். "அண்ணே, அடுத்த வருஷம் இந்தப் புள்ளையையும் தட்டுல வைங்க லா."

செல்வம் அண்ணன் சாமி செயல் என்றார், நான் மறுக்கவில்லை. பின்னால் வேறு கணினியில் சோதித்தபோதுதான் தெரிந்தது, கிளம்பும்போது திரையில் வரும் பட்டியலில், இயங்குதளக் கோப்பை முழுதாக ரேமுக்கு ஏற்றிவிட்டு ஓடும் தேர்வைப் பிடித்தால் மட்டுமே பென்டிரைவைப் பிடுங்கினாலும் கணினி பிழைக்கிறது, அந்தத் தேர்வு முதலாவதாக இருந்ததால் படிக்காமலே என்டரைத் தட்டியிருக்கிறாள் இந்தப் பட்டதாரி.