ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்

உப்பு ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ஓர் அம்மா வீட்டுக்குள் மிளகாய் நாற்று வளர்த்தார். ஏரியில் கையால் தடவித் தடவி இறால் பிடித்து அவருடைய விரல்கள் வெடித்துப் போயிருந்தன. இனி உப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்று விற்றுப் பிழைக்கட்டும் என்று குழித்தட்டுகள் கொடுத்தது நான் வேலை பார்க்கும் உதவித் திட்டம்தான்.

மண்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்ததும் போய்ப் பார்த்தேன். கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகள் பறந்தன. அவர் வேறெங்கோ பார்த்தபடியே தண்டுகளை விரலால் தடவி, அழுகியதை மட்டும் பிடுங்கிப் போட்டார். எனக்குக் கண்ணால் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் பட்டியல் எழுதிக் கொடுத்தேன்: தண்ணீரைக் குறையுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள், ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வையுங்கள்.

"இன்னாம்மா, தொறந்தா உப்புக் காத்து வருமே?"

"காத்து வந்தாதாம்மா பூஞ்சை போகும்."

"படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரி."

எட்டு நாள் கழித்துப் போனபோது நாற்றெல்லாம் கருகிக் கிடந்தது.

"பூஞ்சை பூட்ச்சும்மா. ஒரு பூச்சி கூட இல்ல. நீ சொன்னா மாரியே" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் அவரைப் பார்த்தேன். இறால் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். கரையிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். வாயில் கூடை இருந்ததால்தான் பேசவில்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.