மண்சரிவுக்குத் தனியாகக் கட்டிய பணம்

எங்கள் வீடு இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் சரிவில் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு மேலே தனி வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அடுத்த வீட்டில் ஓர் அக்கா, மகளோடு இருந்தார். புருஷன் இல்லை. பள்ளிச் சீருடை தைத்துத்தான் பிழைப்பு. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் கணவர் லொறி ஓட்டுகிறார்.

பிரிட்ஜ், டிவி, அலுமாரி என்று சாமான் சேர்ந்ததும் அவற்றுக்கு இன்சூரன்ஸ் போட நினைத்தோம். ஏஜென்ட் வந்த அன்று அக்காவும் விசாரிக்க வந்து உட்கார்ந்தார்.

"சாதாரணமா தீ, களவு மட்டுந்தாங்க. மண்சரிவுன்னா எக்ஸ்ட்ரா. வெளிய கொண்டு போற போன், லெப்டொப்புக்கு ஒரு எக்ஸ்ட்ரா. வீட்டுல இருக்க முடியாமப் போனா வாடகை குடுக்குறதுக்கு இன்னொண்ணு" என்றார் ஏஜென்ட்.

"மலை எறங்கி வந்தா நாமளே இருக்கப் போறதில்ல. சாமானுக்கு எதுக்கு?" என்றார் என் கணவர்.

போனுக்கு வேண்டாம் என்றேன்; உடைந்தால் உடையட்டும். மற்ற இரண்டையும் விட மனம் வரவில்லை. மழை நாளில் வீட்டுக்குப் பின்னால் மண் ஊறித் தொங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவள் நான். அக்கா வெகுநேரம் யோசித்தார்.

"எனக்கு முடியாது தங்கச்சி. மக டியூசன நிப்பாட்டித்தான் கட்டணும்" என்று எழுந்து போனார்.

அடுத்த மழையில், ஒரு பகல் பொழுது, பின்பக்கத் தரை வெடித்தது. கிராம சேவகர் "துவன்ன! துவன்ன!" என்று சிங்களத்தில் கத்தி எங்களை ஓடச் சொன்னார். என் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு இறங்கினேன். கதவைக்கூடப் பூட்டவில்லை. அக்காவும் மகளோடு வந்து சேர்ந்தார். கொஞ்சம் மழை விட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தையல் மெஷினையாவது வெளிய எடுத்து வச்சிட்டு வந்துர்றேன்."

"வேணாங்கக்கா. போனாப் போகுது."

"உனக்குப் போனா வரும். எனக்கு யாரு தருவா?"

கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு ஏறிப் போனார். அவர் மேலே போய்ச் சேர்ந்திருப்பார், மலை உறுமியது. இரண்டு வீடும் இருந்த இடத்தில் சிவந்த மண்தான் மிஞ்சியது.

அவர் உடலைத் தேடிப் பெக்கோ இயந்திரம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே இன்சூரன்ஸ் ஆள் வந்துவிட்டார்.

"உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க டீச்சர்."

கட்டில், அலுமாரி என்று தொடங்கினேன். பெக்கோ தோண்டும் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீதியைக் கணவர் சொன்னார்.

சாமானுக்கும் வாடகைக்குமான பணம் எல்லாம் கிடைத்தது. லயத்துச் சனம் பாடசாலையில் பாய் விரித்துப் படுத்திருக்க, நாங்கள் டவுனில் வாடகை வீட்டுக்குப் போனோம். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அக்காவின் மகளை வரக்காப்பொலையிலிருந்து மாமா வந்து கூட்டிப் போனார். பஸ் ஏறுமுன் அவள் கேட்டாள்.

"அம்மாவும் அன்னைக்குக் கட்டியிருந்தா, மேல போயிருக்க மாட்டாங்க தானே டீச்சர்?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் பையை வாங்கி, திறந்து கிடந்த ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தேன்.