நல்ல நாளில் யார் சாவது?

பிள்ளைகளே, சிப்பாய் உடுப்பில் நான் நிற்கும் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, அது 1991 பொங்கலுக்கு நம் ஊரில் போட்ட நாடகம். அப்போது ஒரகடத்தில் இத்தனை கம்பெனி கிடையாது. மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வந்து, ஏரிக்கரையில் ஒத்திகை பார்ப்போம்.

கதை இதுதான். ஒரு சர்வாதிகாரி போரில் தோற்றுவிட்டான். எதிரிப் படை தலைநகருக்குள் நுழைந்துவிட்டது. அவனோ பூமிக்கடியில் ஓர் அறையில் ஒளிந்துகொண்டு, மேலே இருக்கிற சிப்பாய்களை எல்லாம் செத்துப்போகும்வரை சண்டை போடச் சொல்கிறான். கடைசியில் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான்.

சர்வாதிகாரி வேஷம் ஊர்த் தலைவரின் மைத்துனருக்கு. பந்தலும் மைக்செட்டும் தலைவர் உபயம், கேட்கவா வேண்டும்?

நாடகத்தன்று மத்தியானம் தலைவர் பந்தலுக்கு வந்தார்.

"இன்னாடா இது? நல்ல நாளும் அதுவுமா எங்க வூட்டு ஆளு மேடையில சாவறதா? மாத்து."

"கதையே அதாங்க. அவரு சாவலன்னா சண்டை எப்டிங்க முடியும்?" என்றேன்.

"நீ சாவு. சிப்பாய்தானே? அவரு சுடுவாரு, நீ வுழு, தெரையப் போட்டுடலாம்."

மைத்துனர் மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னார்: "கைகால இழுத்துக்கினு நல்லா வுழணும்பா, சொல்லிட்டேன்."

வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் அம்மா வயிற்றில் அப்போது பெரியவள்.

"அவங்க வூட்டுக்குத்தான் பொங்கலா? நம்ம வூட்டுல இன்னா எழவா? இத நான் முன்னாடி குந்திக்கினு வேற பாக்கணுமா?" என்றாள்.

வேஷம்தான், தெரியும். நிஜமாகவா சாகப்போகிறேன்? ஆனாலும் வயிறு எரிந்தது. அவர்கள் வீட்டு உயிர் என்றால் வேஷத்தில்கூடப் போகக்கூடாதாம். நம் உயிர் என்றால் யோசிக்கக்கூட வேண்டாமாம். இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

மேடையில் மைத்துனர் துப்பாக்கியை நீட்டினார். திரைக்குப் பின்னால் வெடி வெடித்தது. நான் நின்றேன்.

"வுழுடா" என்று பல்லைக் கடித்தார். இன்னொரு வெடி. நின்றேன்.

"நல்ல நாளுங்க, நான் சாவறதுக்கில்ல" என்று மைக்கிலேயே சொன்னேன். கூட்டம் விசிலடித்தது. மூன்றாவது வெடி புஸ்ஸென்று போனது. அவசரமாகத் திரையை இழுத்தார்கள். தலைவர் பந்தலுக்கு வெளியே நின்று கத்தினார். அதற்குப் பிறகு எந்தப் பொங்கலுக்கும் என்னை மேடை ஏற்றவில்லை.

அன்றைக்குத் திரை விழுந்ததும் உங்கள் அம்மா மெதுவாக எழுந்து வந்து, என் தலையிலிருந்த சிப்பாய் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"வாய்யா, பொங்கல் ஆறிப்போவுது" என்றாள்.