மானேஜர் புகழ்ந்தால்

மலேசியாவில், கிள்ளானில் நான் துணி வெட்டிய ஜவுளிக்கடைக்கு ஒரு மானேஜர் இருந்தார். வெள்ளை வேட்டி, எண்ணெய் வழியும் தலை. வருடாவருடம் தீபாவளி முடிந்ததும் ஆள் மாற்றுவார். நேரில் சொல்லத் துணிவு கிடையாது. அனுப்பப்போகிறவனைத் தோளில் தட்டிப் புகழ்வார். மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. கடையிலேயே நரைத்துப்போன ஒரு விற்பனைக்காரரையும் அப்படித்தான் அனுப்பினார்.

ஒரு வருடம் என் தோளைத் தட்டினார். "உன்னப்போல ஆளு கெடைக்காதுப்பா."

கஜக்கோலை மேசைமேல் வைத்தேன். "நானே போறேன் ஐயா."

"அட, உன்னப் பட்டுச் சேலைப் பக்கம் மாத்தலாம்னுல்ல சொல்ல வந்தேன்."

"அத மொதல்ல சொல்லியிருக்கணும்."

அடுத்த வேலை கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அவர் சொன்னது நிஜமா என்று இன்றுவரை தெரியாது. அந்த வாயை நம்பி மறுநாள் வரை நிற்க எனக்கு மனம் வரவில்லை.