நாலாவது உரசல்

தி.நகரில் நகைக்கடைகளுக்குப் பின்சந்தில் உட்கார்ந்து தங்கம் உரசிப் பார்ப்பவர் அவர். விரல் நுனியெல்லாம் ஆசிட் தின்ற கறை. ஒவ்வொரு நகைக்குப் பிறகும் உரைகல்லை எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைப்பார். ஒருவர் நகையின் கோடு அடுத்தவர் கண்ணில் படாது.

மாப்பிள்ளை வீட்டார் என் தங்கைக்குப் போட்ட சங்கிலி ஆறே மாதத்தில் கறுத்துவிட்டது. வேண்டாம் என்றவளை நான்தான் அவரிடம் இழுத்துப் போனேன். சங்கிலியை அரத்தால் கீறி, கல்லில் உரசி, ஒரு சொட்டு ஆசிட் விட்டார். தங்கமென்றால் கோடு நிற்கும். மறைந்துவிட்டது.

“இன்னொரு தடவை உரசுங்கண்ணே,” என்றாள் தங்கை. கல்லைத் துடைத்து உரசினார். மறைந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி உரசினார்.

“பித்தளைய எத்தனை தடவை உரசினாலும் பித்தளைதான்யா!” என்று கத்தினேன். “எழுதிக் கொடு. அந்தத் திருட்டுப் பசங்களைத் தெருவுல நிக்கவெக்கறேன்.”

“கேட்டது இந்தம்மா, நைனா. நீ இன்னாத்துக்குக் கூவுற?” என்றவர் துணியை எடுத்தார். “போதுமாம்மா? இன்னொரு தபா போடட்டா?”

“போதும்ணே.”

சங்கிலியை என்னிடம் தராமல் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் கழற்றவில்லை. நானும் கத்தி ஓய்ந்துவிட்டேன்.

முதல் உரசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலாவதுக்கு ஏன் துணியை எடுத்தார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.