பிராந்து கூப்பிட்டால் போகக்கூடாது

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு இடையில் யாரும் என்னை வீரி சூரி என்று நினைத்துவிடக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், உரும்பிராயில், சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பாலர் பள்ளிக் கொட்டிலில், பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நேசறி ரீச்சராக இருந்தேன். எல்லாம் நாலு, நாலரை வயது. எனக்கு இருபத்திரண்டு. வானத்தில் ஒரு இரைச்சல் கேட்டால் போதும், எங்கே ஒளிக்கலாம் என்று பார்ப்பேன். பிள்ளைகளுக்கு முன்னால் அதை மறைப்பதுதான் எனக்குப் பெரிய வேலை.

தாய் தகப்பன்மாருக்கு என்மேல் ஒரு மனக்குறை. "ரீச்சர், மண் விளையாட எங்கடை வீட்டிலை இடமில்லையே? ஆனா ஆவன்னா எழுதப் பழக்குங்கோவன்" என்று ஒரு தகப்பன் படலையடியில் நின்று கேட்டே விட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சிலேட்டைக் கையில் கொடுத்தால் அழுகிற பிள்ளை, பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதக் கொடுத்தால் சிரிக்கிறது. புளியங்கொட்டை பொறுக்கினால் எண்ண வருகிறது. எறும்பு போகிற வழியைக் குச்சியால் மண்ணில் கீறினால் கை தானாக வளைகிறது. "எழுத்து எங்கையும் ஓடிப்போகாது அண்ணை, பிள்ளையின்ரை கை முதலிலை மண்ணைப் பிடிக்கட்டும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

வாய் மட்டும் எனக்கு நீளம். வெளியில் விளையாடுவதென்றால் வானத்துக்குக் கீழேதானே விளையாட வேண்டும்? கொட்டிலுக்குப் பக்கத்தில் ஊர்ச்சனம் சேர்ந்து பனங்குற்றி அடுக்கிப் பதுங்க ஒரு பங்கர் குழி வெட்டித் தந்திருந்தது. பிள்ளைகள் அதற்குள் இறங்கமாட்டார்கள். இருட்டு, தேரை கிடக்கும் என்று அழுவார்கள். அதைவிடப் பெரிய கரைச்சல், குண்டு போடுகிற பொம்மர் பிளேனின் சத்தம் கேட்டதும் தாய்மார் பதறியடித்து ஒழுங்கையால் ஓடிவந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது. நான் பிடிக்கப் பிடிக்கப் பிள்ளைகள் வெட்டவெளியால் அவர்களிடம் ஓடும். ஒருநாள் ஓடுகிற பிள்ளை ஓடினபடியே விழப்போகிறது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்காது.

அதற்காகத்தான் அந்த விளையாட்டைக் கட்டினேன். கோழியும் பிராந்தும். பருந்தை நாங்கள் பிராந்து என்றுதான் சொல்லுவோம். இரண்டு வேஷமும் எனக்குத்தான். முதலில் நான் பிராந்து. மாமரத்தில் முகத்தை வைத்து இருபது எண்ணி முடிக்கிறதுக்குள் பிள்ளைகள் வேலியோரம் ஒளிக்க வேண்டும். பிறகு சேலைத் தலைப்பைச் செட்டையாக விரித்துக்கொண்டு, ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிடுவேன். "என்ரை குஞ்செல்லே, வாடி ராசாத்தி. அம்மா வந்து நிக்கிறா, ஓடி வா." குரலைக் குழைத்துக் குழைத்துக் கூப்பிடுவேன். வாய் திறந்தவரும் எழும்பி வந்தவரும் பிராந்துக்குத் தீன். கடைசியில் நான் கோழி. "கொக் கொக் கொக்" என்றதும் எல்லாரும் பங்கருக்குள் ஓட வேண்டும். அதுதான் கோழியின் செட்டை. ஒரு கிழமைக்குள் தேரைப் பயமும் இல்லை, இருட்டுப் பயமும் இல்லை. எனக்கென்றால் என் கெட்டித்தனத்தை நினைக்கத் தலைகால் புரியவில்லை.

ஒருத்திக்கு மட்டும் விளையாட்டுச் சரிவரவில்லை. கூட்டத்தில் ஆகச் சின்னவள். எப்போதும் ஒரே மஞ்சள் சட்டை. பேர் சொன்னதும் "ஓம் ரீச்சர்" என்று மரியாதையாக எழும்பி வந்துவிடுவாள். மற்றதுகள் "பிராந்துத் தீன், பிராந்துத் தீன்" என்று பகிடி பண்ணும். ஒருநாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"இண்டைக்கு நான் வாய் திறக்கமாட்டன்" என்றாள்.

"பாப்பம், பாப்பம்" என்று சிரித்தேன்.

மாமரத்தில் முகத்தை வைத்துப் பதினொன்று எண்ணும்போது இரைச்சல் கேட்டது. முதலில் வண்டு என்று நினைத்தேன். பிறகு மரத்தை விட்டு முகத்தை எடுத்து வானத்தைப் பார்த்தேன்.

"பொம்மர்! பங்கருக்குள்ளை ஓடுங்கோ, கெதியா!" என்று கத்தினேன். கோழியாவது கொக்காவது, எல்லாம் மறந்து போச்சு. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே பயந்து ஓடிவந்தன. ஒவ்வொன்றாய் இறக்கிவிட்டு, தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினேழு. திரும்ப எண்ணினேன். பதினேழுதான். மஞ்சள் சட்டையைக் காணவில்லை.

பதினேழை விட்டுப் போவதா, ஒன்றை விட்டுவிட்டு இருப்பதா? கடவுளாணைச் சொல்கிறேன், எனக்குப் போக விருப்பமில்லை. பங்கர் வாசலில் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் இதைச் சொன்னதுமில்லை. பிறகு "ஒருத்தரும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

வேலியோரம் முழுக்கப் பார்த்தேன். கொட்டிலுக்குள் பார்த்தேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது என் உயிர் என்னிடம் இல்லை. தண்ணீரில் என் தலை மட்டும் தெரிந்தது. பொம்மர் தலைக்கு மேல் வட்டம் போட்டது. அவளுடைய பேரைச் சொல்லிக் கத்தினேன்.

"எங்கை நிக்கிறாய் குஞ்சு? வாடி என்ரை ராசாத்தி!"

ஒரு சத்தமும் இல்லை. "அம்மா வந்து நிக்கிறா, ஓடி வா!" என்றேன். பொய்தான். வாயில் வந்ததைச் சொன்னேன். கெஞ்சினேன், அழுதேன், "என்ன கோதாரி பிடிச்சது உனக்கு, வாயைத் திறவடி" என்று திட்டவும் திட்டினேன். அதற்குள் பக்கத்து ஊரான கோப்பாயில் குண்டு விழுந்தது. நிலம் குலுங்கி, மாம்பிஞ்சுகள் பொலபொலவென்று என்மேல் கொட்டின. நான் குப்புற விழுந்து கிடந்தேன்.

பங்கருக்குள் இருந்து ஒரு பெட்டை அழுதழுது கத்தினாள்.

"ரீச்சர், நீங்கள் இன்னும் கோழி மாதிரிக் கூப்பிடேல்லை!"

ஐயோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அந்தக் குஞ்சு, அந்த ராசாத்தி, அந்த அம்மா வந்து நிக்கிறா, எல்லாம் பிராந்தின் சொல்லல்லவா? ஒரு கிழமையாக நானே சொல்லிக் கொடுத்த சொல். அவளுக்கு விளையாட்டு இன்னும் முடியவில்லை.

"கொக்" என்றேன். வெறுங்காற்றுத்தான் வந்தது. பொம்மர் திரும்பி வந்து கீழே பதியத் தொடங்கியது. எச்சிலைக் கூட்டி விழுங்கி, மண்ணில் முழந்தாளிட்டபடியே கூப்பிட்டேன். "கொக் கொக் கொக். கொக் கொக் கொக்."

கொட்டில் வேய அடுக்கி வைத்திருந்த தென்னங்கிடுகுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு கிடுகு அசைந்தது. இரண்டு தரம் அந்த இடத்தைக் கடந்து ஓடியிருக்கிறேன். மஞ்சள் சட்டை முழுக்க உக்கின ஓலைத் தூசியோடு வெளியே வந்து, என்னைக்கூடப் பாராமல், நான் பழக்கின மாதிரியே நேரே பங்கருக்கு ஓடியது. நான் அவளுக்குப் பின்னால் விழுந்தடித்து ஓடி இறங்கினேன். இரண்டாவது குண்டு விழுந்தது. பனங்குற்றிக்கு இடையால் மண் எங்கள் தலையில் கொட்டியது.

சத்தம் ஓய்ந்த பிறகும் எனக்கு நடுக்கம் நிற்கவில்லை. அவளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளுக்கு ஒரு நடுக்கமும் இல்லை. என் காதுக்குள் வாயை வைத்துக் கேட்டாள்.

"ரீச்சர், விளையாட்டிலை நான் வெண்டிட்டனோ?"

"ஓமடி" என்றேன்.

"பிராந்து இண்டைக்கு நல்ல வடிவாக் கூப்பிட்டது. அழுதும் கூப்பிட்டது. எண்டாலும் நான் போகேல்லை."