எட்டெழுத்துக்குக் கீழே சேர்த்தியில்லை

அந்தக் கட்டடத்தில் ஏழு மாடி முழுக்க அலுவலகங்கள். பூமிக்கு அடியில் வண்டி நிறுத்துமிடம். அதன் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிற காருக்குச் சீட்டுக் கொடுத்து, பொத்தானை அமுக்கித் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட வேண்டும். டிக்ஷனரி அக்காவுக்கு அதுதான் வேலை. காலையில் உள்ளே போனால், வெளியே மழையா வெயிலா என்பதை ஈரமான டயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். பத்து வருஷத்துக்கு மேலாக இதே கதைதான். கல்லாய் இருந்தாலும் எழுந்து ஓடியிருக்கும்.

பைத்தியம் பிடிக்காமல் இருக்க அவளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு காரின் எண் பலகையிலும் மாநிலத்தின் முதல் எழுத்து, நடுவில் வரும் இரண்டெழுத்து என்று மூன்று ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொள்வாள். அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற மாதிரி ஒரு பெரிய ஆங்கில வார்த்தையை, கட்டை மேலே போய் நிற்பதற்குள் பிடித்துவிட வேண்டும். கே, டபிள்யூ, ஜி வந்தால் அக்நாலெட்ஜ்மென்ட். டி, ஆர், என் வந்தால் எக்ஸ்ட்ரார்டினரி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தவள். மேலே படிக்க வைக்காமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த மூளை சும்மா கிடக்குமா?

விளையாட்டுக்கு ஒரே சட்டம். எட்டெழுத்துக்குக் கீழே இருந்தால் சேர்த்தியில்லை. சின்ன வார்த்தைகள் வந்து முன்னால் நிற்கும், போடா அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுவாள். அகப்படாத பலகை ஒன்று போய்விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. உதடு முணுமுணுப்பதைப் பார்த்த சூப்பர்வைசர் ஒரு நாள் விஷயத்தைக் கறந்துவிட்டான். அன்று வைத்த பெயர்தான் டிக்ஷனரி அக்கா.

அவன்தான் அந்தச் செய்தியையும் கொண்டு வந்தான்.

"அக்கா, தரைத்தளத்துல ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கறாங்க. நம்ம ஆளுங்களத்தான் முதல்ல கேப்பாங்களாம். இங்கிலீஷ் தெரிஞ்சா போதும். உங்கள விட்டா வேற யாரு இருக்கா?"

ரிசப்ஷன் மேசைக்கு எதிரே கூரை வரை கண்ணாடி. அதற்கு அப்பால் தெரு, மரம், வானம். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குழிக்குள்ளேயே என் தலை நரைத்துவிடும் என்று அவள் நினைத்தது மிகையே இல்லை. ஏற்கெனவே பாதி நரைத்துவிட்டது.

முதலில் ஒரு எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். நேர்காணலுக்கு ஒரு அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கீழேயிருந்து ஏன் மேலே வர விரும்புகிறீர்கள்?

பதில் நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியதெல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து, ஐந்தெழுத்து வார்த்தைகள். இத்தனை வருஷம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியவை கூப்பிட்டவுடன் வந்துவிடுமா? அதிகாரி அம்மாளின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் சி, எம், என் என்று மூன்று எழுத்துகள் இருந்தன. சர்கம்ஸ்டான்ஷியல், பதினாலு எழுத்து என்று மண்டைக்குள் ஒரு குரல் மட்டும் குதித்தது. அதிகாரி அம்மாள் தமிழுக்கு மாறினார்.

"பரவால்லம்மா, தமிழ்லயே சொல்லுங்க. எழுத்துப் பரீட்சைல நீங்கதான் ஃபர்ஸ்ட்."

அதுவும் வரவில்லை. கூண்டுக்குள் அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் "சீட்டு எடுத்துக்கோங்க சார்" மட்டும்தான். அந்த அம்மாள் காத்திருந்து பார்த்தார். பிறகு, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். அந்த அன்பான குரலைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒலியைக் குறைத்தார்.

"என்ன கேட்டாங்க?"

"ஏன் மேல வரணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அப்போது வந்தது. தடையே இல்லாமல் வந்தது. "என்னால அங்க உக்கார முடியலங்க. மூச்சு முட்டுது. செத்துப் போயிடுவேன் போல இருக்கு. எனக்கு வெளிய வரணும்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் அவள் அப்படி அழுததில்லை.

அவர் பதறிப்போனார். "அட, இத்தன நாளா ஏன் சொல்லல? அழாத. நான் பாத்துக்கறேன் விடு."

சொன்னபடியே பார்த்தார். ரிசப்ஷனுக்கு வேறொரு பெண் வந்து சேர்ந்த அதே வாரம், சூப்பர்வைசரிடம் பேசி அனுமதி வாங்கி, தம் கையாலேயே ஸ்டூல் போட்டு ஏறி, கூண்டுக்குள் ஒரு புது ஃபேனை மாட்டிவிட்டார். இறங்கி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். காற்று நன்றாகவே வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அவர் முகத்தில் அவ்வளவு ஆசை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா இருக்குங்க" என்றாள்.